பாட்டில் இருந்த கப்பல்

எம்.ஏ. ஒப்பிலக்கியத்தில் சேர்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா, "அது என்ன புள்ள, நர்சிங் மாதிரியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ரெண்டு பாஷையில இருக்குற கதை, பாட்டு எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறது."

"பாத்து?"

"ஏன் ஒன்னு போல இருக்கு, எங்க மாறுதுன்னு சொல்லணும்."

"அதச் சொல்றதுக்கு ரெண்டு வருஷமா?" என்றாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். "சரி, படி. டீச்சர் வேல கெடைக்குமில்ல?"

கிடைக்கும் என்று சொன்னேன். எனக்கும் தெரியாது. எங்கள் தீவு ஊரான ஹட் பேயில் நான் படித்த பள்ளியில் எல்லாப் பாடமும் இந்தியில்தான். வகுப்பில் வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்போம். சண்டை போடுவதும் இந்தியில்தான், சமாதானம் ஆவதும் இந்தியில்தான். தமிழ் வீட்டுக்குள் மட்டும் இருந்தது. அதுவும் அம்மாவின் தமிழ். இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெற்றோரோடு கப்பலேறி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, கல்யாணமாகி ஹட் பேக்கு வந்தவள் அவள். அப்பா இங்கே பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்தார். நான் பள்ளி முடிப்பதற்கு முன்பே அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மா, கப்பல் வரும் நாட்களில் ஜெட்டித்துறைக்குப் பக்கத்தில் இட்லியும் வடையும் விற்றாள்.

போர்ட் பிளேயரில் எங்கள் துறை புதிது. மாணவர்கள் ஒரு ஜீப்பில் அடங்கிவிடுவோம். துறைத்தலைவர் மெயின்லேண்டிலிருந்து வந்த ஓர் அம்மையார். தமிழ் தெரியாதவர். நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும், "உன் இலக்கியம் எது?" என்று கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வடக்குத் தீவின் டிக்லிபூர்ப் பெண் வங்காளம் என்றாள். நான் தமிழ் என்றேன். அது பொய்யில்லை என்றே அப்போது நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் மேடம் எல்லாருக்கும் அவரவர் மொழியில் ஒரு பக்கம் கொண்டுவந்து கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். பொருள் புரியாவிட்டாலும் ஒவ்வொரு மொழியின் ஓசையும் எங்கள் காதில் விழ வேண்டும் என்றார். டிக்லிபூர்க்காரி மழை கொட்டுவது போலப் படித்தாள். என் முறை வந்தது. வீட்டு நாள்காட்டியில் மாதப் பெயர்களையும், கடைப் பலகைகளையும் எழுத்துக்கூட்டிப் படித்ததுதான் என் தமிழ்ப் படிப்பு. முதல் வரியில் ஒரு நீளமான சொல் வந்தது. அதை எங்கே உடைப்பது என்று தெரியவில்லை. ஆரம்பித்தேன், நிறுத்தினேன், மறுபடி ஆரம்பித்தேன். பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வகுப்பு முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

மேடம் இரக்கமுள்ளவர். வகுப்பு முடிந்ததும் என் தோளில் கை வைத்து, "கவலைப்படாதே. எழுத்து பின்னால் வந்தது, வாய்தான் முதல். உன் வீட்டில் எழுதப்படாத இலக்கியம் இருக்கும். அதைக் கொண்டு வா" என்று இந்தியில் சொன்னார். அழுதுவிடாமல் இருப்பதற்காக வேகமாகத் தலையாட்டினேன். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் மீதிப் படிப்பு முழுவதும் நடந்தேன்.

அப்படிக் கொண்டு போனதுதான் அம்மாவின் பாட்டு.

நான் பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு அது. தூங்க வைக்கப் பாடுவாள். உளுந்து கழுவும்போது பாடுவாள். அப்பா இறந்த பிறகு கொஞ்ச நாள் பாடவில்லை, பிறகு மறுபடி வந்துவிட்டது. கப்பலைப் பார்த்துக் கொஞ்சம் நில் என்று கேட்கிற பாட்டு. நடுவில் இரண்டு வரி வரும்:

"காம்பராவப் பூட்டிட்டேன், சாவி கையில இருக்கு,
கதவு எங்க இருக்கு, கப்பலே நீ சொல்லு."

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் ஒற்றை அறைக்குத்தான் காம்பரா என்று பெயர். வகுப்பில் பாடிக்காட்டி, இதை இந்தியில் சொன்னேன். இந்த முறை யாரும் தரையைப் பார்க்கவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான் உன் ஆய்வேடு" என்றார்.

விடுமுறையில் ஹட் பேக்குப் போனபோது போனில் பதிவு செய்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எதுக்குடி இது?"

"காலேஜுக்கும்மா. யாருகிட்ட கத்துக்கிட்ட இந்தப் பாட்ட?"

"யாரு சொல்லிக்குடுத்தா? லயத்துல பொம்பளைங்க எல்லாம் பாடுவாங்க. ஜஹாஜ்ல கடல் தாண்டி வர்றப்பவும் பாடுனோம். ஐசே ஹி, சும்மா அப்பிடியே வாயில ஒட்டிக்கிச்சு."

அது போதும் எனக்கு. கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அடுத்த கேள்வி ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போர்ட் பிளேயரின் ஷாதிபூரில் நானும் டிக்லிபூர்க்காரியும் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கியிருந்தோம். அவள் தன் ஊர் வங்காளிகள் ஆறு கடந்து வந்ததைப் பற்றிய பாட்டுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பாட்டுகளையும் என் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினேன். சாவி, கதவு, கப்பல் என்ற மூன்று சொற்களுக்கு மட்டும் ஓர் அத்தியாயம். கதவை விட்டுவிட்டுச் சாவியோடு வந்தவர்களின் ஓலம் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ஓலம் இன்னும் பெரிதாகக் கேட்டது. மேடம் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு 'அருமை' என்று எழுதித் தந்தார். அந்தப் பக்கத்தை நான் பல தடவை எடுத்துப் பார்த்தேன்.

அந்த ஆண்டின் கடைசியில் துறை ஒரு கருத்தரங்கு நடத்தியது. தீவுகளின் பாட்டுகள் என்று தலைப்பு. தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். ஊர்த் தமிழர்களையும் கூப்பிட வேண்டும் என்று மேடம் ஆசைப்பட்டார். செயலக ஊழியர்கள், கான்ட்ராக்டர்கள், பஜார் கடைக்காரர்கள் என்று நிறையப் பேர் குடும்பத்தோடு வந்தார்கள். "உன் அம்மாவும் வர வேண்டும். அவர்தான் நம் முக்கிய விருந்தினர்" என்றார் மேடம்.

அம்மா முந்தைய நாள் கப்பலில் வந்து இறங்கினாள். ஒரு பையில் தேங்காய், இன்னொரு பையில் கருவாடு. கருவாட்டு வாசனையை டிக்லிபூர்க்காரி கொண்டாடினாள். இருவரும் இந்தியில் பேசிக்கொண்டே சமைத்தார்கள். அம்மா மிளகு போட்டு வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டாள்.

"என்னையப் பாடச் சொல்லுவாங்களா?"

"இல்லம்மா, ரெக்கார்டிங் போடுவாங்க. நீ சும்மா உக்காந்தா போதும்."

"சொன்னா பாடுவேன்" என்றாள்.

மறுநாள் அம்மா, என் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தாள். கால்கள் தரையில் சரியாக எட்டவில்லை. மேடம் அவளுக்குச் சால்வை போர்த்தினார். அம்மா அதைக் கழற்றாமல், வேர்த்துக்கொண்டே இருந்தாள். நான் முன்வரிசையில் இருந்தேன். அன்று காலையில் இருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. இந்த அரங்கத்துக்கு நான் கொண்டுவந்து சேர்த்த அம்மா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் பேசினார். எழுதத் தெரியாத பெண்கள், பெயர் தெரியாத கவிஞர்கள், கடல் கடந்த துயரம் என்று நான் எழுதியதையெல்லாம் என்னைவிட அழகாகச் சொன்னார். பிறகு பதிவைப் போட்டார். அரிசி களையும் சத்தம் முதலில் வந்தது. பிறகு அம்மாவின் குரல்.

முதல் வரி முடிவதற்குள் தமிழ்ப் பேராசிரியரின் முகத்தில் ஒரு சிரிப்பு மலர்ந்தது. விரல்கள் மேசையில் தாளம் போட்டன. பாட்டு அவரைத் தொட்டுவிட்டது என்றே நினைத்தேன். இரண்டாவது வரியில் எனக்குப் பின்னால் ஒரு பெண் தன் கணவரிடம் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். அங்கிருந்து சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. நல்ல சிரிப்புதான், கேலி இல்லை. பழைய ஆளை எதிர்பாராத இடத்தில் பார்த்த மாதிரி. ஆனால் அரங்கத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். தமிழ் தெரியாத பாதிப் பேர் ஏன் என்று தெரியாமல் பார்த்தார்கள். மேடம் அந்தப் பாதியில் இருந்தார். நானும்.

பேராசிரியர் மைக்கை வாங்கி, ரொம்ப மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னார்: "அம்மையாரின் குரல் மிக நன்றாக இருக்கிறது. ஆனால் இது நாட்டுப்புறப் பாட்டு இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்துப் பாட்டு. நாயகன் ரயில் நிலையத்தில் நின்று பாடுவான். என் இளமையில் எல்லா டீக்கடை ரேடியோவிலும் இதுதான்." படத்தின் பெயரையும் சொன்னார்.

மேடம் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அந்த அரங்கத்தில் இருந்த ஒவ்வொரு தமிழருக்கும், கடைக்காரரின் மனைவிக்கும், ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கும் தெரிந்த ஒன்று, தமிழ் இலக்கியம் என் இலக்கியம் என்று சொல்லிக்கொண்டு சேர்ந்த எனக்குத் தெரியவில்லை. நான் வளர்ந்தது இந்திப் பாட்டில். அந்தப் படத்தின் பெயரைக்கூட அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். ஆங்கிலத்தில் பேசியது அம்மாவுக்குப் புரியவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள், தாளம் போடுகிறார்கள், பாட்டு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். யாரும் கேட்காமலே பாட ஆரம்பித்தாள்.

அரங்கம் அவளோடு சேர்ந்து பாடியது. கைதட்டல், தாளம், ஒரு கிழவர் வாயாலேயே வயலின் வாசித்தார். அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. 'கப்பலே' என்று அவள் பாடியபோது அரங்கம் 'ரயிலே' என்று பாடியது. அவள் ஒரு கணம் தடுமாறி மறுபடி 'கப்பலே' என்றாள். முன்வரிசையிலிருந்து ஒருவர், நல்ல மனிதர்தான், உதவி செய்வதாக நினைத்து, "கப்பல் இல்லம்மா, ரயிலு! ரயிலு!" என்று கத்தினார்.

அம்மா நிறுத்தினாள். "ரயிலா?" என்றாள். மைக் அதைப் பிடித்துக்கொண்டது. மறுபடி சிரிப்பு. பிறகு காம்பரா வரி வரவேண்டிய இடத்தில் எல்லாரும் வேறு ஏதோ பாடினார்கள். அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் என்னைத் தேடிப் பார்த்தாள். அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். தலை நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியவில்லை.

நடைபாதையில் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. குரல்தான் கம்மியிருந்தது. "எனக்குத் தமிழ் தெரியாது. உனக்குத் தெரியும் என்று நம்பினேன்" என்றார். பிறகு, "நீ வேண்டுமென்றே செய்யவில்லை என்று தெரியும்" என்றும் சொன்னார். முதல் வாக்கியத்தைவிட இரண்டாவது வாக்கியம்தான் அதிகமாகக் கொன்றது.

ஷாதிபூர் அறைக்கு வந்ததும் அம்மா சேலையை மாற்றி, மடித்து, பையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"சினிமாப் பாட்டுன்னா என்ன புள்ள தப்பு?"

"தப்பு ஒன்னும் இல்லம்மா."

"அப்ப ஏன் ஒம் மூஞ்சி இப்பிடி இருக்கு?"

"சினிமாப் பாட்டுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தோட்டத்துல டீக்கட ரேடியோல போடுவாங்க. படம் யாரு பாத்தா? நீ கேக்கலையே. யாருகிட்ட கத்துக்கிட்டன்னுதான கேட்ட. லயத்துல பாடுனாங்க, அதச் சொன்னேன்." பிறகு, "எல்லாரு முன்னாடியும் பேசர்மா நின்னு ஒன்னயத் தலகுனிய வச்சுட்டேன்" என்றாள். வெட்கம் கெட்டவள் என்பதற்கு எங்கள் ஊர் இந்திச் சொல் அது. அதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ அது என் சொல்லைவிட நன்றாகப் பேசியிருக்க வேண்டும். இரண்டு நாள் இருந்து கடை கண்ணி பார்த்துவிட்டுப் போவதாக வந்தவள், கிடைத்த முதல் கப்பலில் மலிவான பங்க் படுக்கை டிக்கட் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

டிக்லிபூர்க்காரி இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். தன் ஊருக்குப் போன் போட்டு, தான் சேகரித்த ஒவ்வொரு பாட்டையும் பற்றி அத்தை, மாமா எல்லாரையும் விசாரித்தாள். ஒன்று கல்கத்தா ரேடியோவில் வந்த பாட்டு என்று தெரிந்தது. "வா, ரெண்டு பேரும் சேர்ந்தே ஃபெயில் ஆவோம்" என்றாள். நான் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

ஒரு வாரம் அந்தப் பாட்டைக் கேட்கத் துணிவு வரவில்லை. பிறகு போனில் தேடிப் போட்டேன். ரயில் நிலையம், புகை, நாயகன், தாவணி போட்ட பெண் ஜன்னலோரத்தில். அதே மெட்டு. முழுவதும் கேட்டேன். காம்பரா இல்லை. சாவி இல்லை. கதவு இல்லை. மறுபடி கேட்டேன். அந்த இடத்தில் நாயகன் அவள் கூந்தலில் இருக்கும் பூவைப் பற்றிப் பாடுகிறான். அம்மாவின் இரண்டு வரி படத்தில் எங்கேயும் இல்லை.

மேடத்தின் அறைக்கு ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் யார் சேர்த்தார்கள்? எப்போது? இதைச் சொல்ல முடிந்தால் ஆய்வேடு பிழைக்கும். போய்க் கேட்டுவிட்டு வா. இந்த முறை எல்லாவற்றையும் கேள்" என்றார்.

ஹட் பேயில் இறங்கும்போது அம்மா ஜெட்டியில் வியாபாரத்தில் இருந்தாள். கூட்டம் குறையும் வரை காத்திருந்து, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தோம். வழியில் நான் எதுவும் கேட்கவில்லை. அவள்தான், "பாட்டுக்காக வந்தியா?" என்றாள். அவள் குரலில் ஓர் உற்சாகம் இருந்தது. "ரெடியா வச்சிருக்கேன்" என்றாள்.

வீட்டில் பாயைப் போட்டு உட்கார்ந்து, போனை எடு என்று சைகை காட்டினாள். பாடினாள். ரயிலே என்று தொடங்கினாள். பூ, கூந்தல், ஜன்னல், எல்லாம் சரியாக வந்தது. நாயகன் மூச்சு விடும் இடத்தில் அவளும் மூச்சு விட்டாள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்காவின் போனில் தினமும் மத்தியானம் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள். ஓர் எழுத்துத் தப்பவில்லை.

"இப்ப சரியா இருக்கா? இனிமே ஒருத்தனும் ஒன்னயப் பாத்துச் சிரிக்க முடியாது."

என் படிப்பு என் அம்மாவைத் திருத்திவிட்டது. அதற்காக அவள் எத்தனை மத்தியானம் தூக்கத்தை விட்டிருப்பாள் என்று நினைத்தபோது, அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா எனக்கு அந்தப் பழசு வேணும். காம்பராவப் பூட்டிட்டேன்னு வருமே."

"அது தப்பு. அது பாட்டுலயே இல்ல."

"இல்லாததாலதான் வேணும்."

"வேணாம் விடு."

என் போனில் இருந்த பழைய பதிவைப் போட்டேன். சாவி என்ற சொல் வந்ததும் அம்மா சட்டென்று கையை நீட்டிப் போனை மூடினாள். "நிப்பாட்டு. கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். கையை எடுக்கவில்லை.

என்னால் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஒன்னால இல்ல புள்ள" என்றாள். "அந்த ரெண்டு வரி நாங்க சேத்தது. நாங்கன்னா, ஜஹாஜ்ல வந்த புள்ளைங்க."

பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்.

மலைத்தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் லயத்தில் இருந்த ஒரு பெண், கல்யாணமாகிக் கொஞ்ச காலமே ஆனவள், தன் காம்பராவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மற்ற எல்லாரும் சாவியைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள். அவள் மட்டும் கொடுக்கவில்லை. இலங்கையிலிருந்து வந்த முதல் படகிலும், தமிழ்நாட்டில் தங்கிய முகாமிலும் யாருக்கும் தெரியவில்லை. தீவுக்கு வரும் கப்பலில், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஏதோ எடுக்கும்போது சாவி கீழே விழுந்தது. எதற்கு இது என்று கேட்டார்கள். திரும்பிப் போனால் வேண்டுமே என்றாளாம்.

"சிரிச்சோம் பாரு, அப்பிடிச் சிரிச்சோம். பெரியவங்களும்தான். இந்தப் பைத்தியத்தப் பாருங்கடி, பூட்டு அங்க இருக்கு, சாவி இங்க இருக்குன்னு. ரேடியோப் பாட்டுல ரயில எடுத்துட்டுக் கப்பலப் போட்டு, அந்த ரெண்டு வரியக் கட்டிப் பாடுனோம். அவ போற எடமெல்லாம் பின்னாடி போயிப் பாடுனோம். தண்ணி புடிக்கப் போனா பாடுவோம். வாந்தி எடுத்தா பாடுவோம்."

"அந்த அக்கா என்ன செஞ்சாங்க?"

"அழுதுச்சு. அழுதா இன்னும் சத்தமாப் பாடுவோம். சின்னப் புள்ளைங்க. அறிவு ஏது?"

வெளியே தெலுங்குக்கார அக்கா ஏதோ கேட்டுக் கூப்பிட்டாள். அம்மா, "தோ மினிட்" என்று குரல் கொடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கச்சால்ல அந்த அக்கா எங்களோடதான் ரப்பர் வெட்டுச்சு. யாருகிட்டயும் கோவமா பேசுனதில்ல. என் தலைக்கு அதுதான் பேன் பாக்கும். பாட்டு எப்பிடியோ வாயில தங்கிருச்சு. யாரப் பாடுனதுன்னே மறந்துபோச்சு. ஒன்னயத் தூங்க வைக்கக்கூடப் பாடியிருக்கேன். அன்னிக்கு அந்த ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க பாரு, அப்பதான் அந்த அக்கா மூஞ்சி வந்து நின்னுச்சு. அதான் சத்தம் வரல."

நான் சாவி என்றும் கதவு என்றும் எழுதிய அத்தியாயம் முழுவதும் மனதில் ஓடியது. ஓலம் என்று எழுதியிருந்தேன். கேலிப்பாட்டு அது. கடல் கடந்தவர்களின் துயரத்துக்குச் சாட்சி என்று எழுதியிருந்தேன். துயரப்பட்டவள் அழுதுகொண்டிருக்க, மற்றவர்கள் பாடியது. இதை அரங்கத்தில் தமிழ் தெரிந்த யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்குத் தமிழ் தெரியாததால் வந்த வெட்கம் ஒன்று. இது வேறு. இதற்கு எந்த மொழியும் போதாது.

"இத எழுதட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"அந்த அக்கா பேரப் போடாத" என்றாள் அம்மா.

"ஒம் பேரு?"

"எம் பேரப் போடு. நாந்தான பாடுனேன்."

அம்மாவின் பெயரையும் நான் ஆய்வேட்டில் போடவில்லை, இங்கேயும் போடவில்லை. அவள் அதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டாள்.

ஆய்வேட்டைத் திரும்ப எழுதினேன். மேடம் கூடுதல் நாள் வாங்கிக் கொடுத்தார். படித்துவிட்டு, பென்சிலால் எதுவும் எழுதாமல் திருப்பித் தந்தார். "இதில் நான் கோடு போட ஒன்றுமில்லை" என்றார். அது பாராட்டா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு அதே தமிழ்ப் பேராசிரியர் வந்திருந்தார். அன்று அரங்கத்தில் சிரித்ததற்காக வருத்தம் தெரிவித்தார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பிறகு அவர் கேட்டார்: "கேலியாகத் தொடங்கியது, தாலாட்டாக முடிந்திருக்கிறது. இதை எந்த வகையில் சேர்ப்பாய்?"

"எந்த வகை என்று தெரியவில்லை ஐயா" என்றேன்.

"அந்தப் பெண் பின்னாளில் இந்தப் பாட்டைக் கேட்டிருப்பாளா? உன் அம்மா பாடி?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. கச்சால் லயம் சின்ன இடம். கேட்காமல் இருந்திருக்க முடியாது. உண்மையைச் சொன்னேன்: அம்மாவிடம் கேட்கவில்லை, கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

பட்டம் கிடைத்தது. அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன். பாஸ் என்றதும், தெலுங்குக்கார அக்காவிடம் கத்திச் சொல்லும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "என்ன கேட்டாங்க?" என்றாள்.

"அந்த அக்காவப் பத்திக் கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"நீங்க எல்லாரும் சிரிச்சதச் சொன்னேன். அவங்க அழுததச் சொன்னேன்."



"சொல்லத்தான வேணும்" என்றாள் அம்மா.